வானத்துக் கரடியும் நம் எழுமீனும்

தமிழில் ‘கரடி விடுதல்’ என்று ஒரு பேச்சு வழக்கு உண்டு. ஆதாரமில்லாத சேதியை அளந்துவிடுவதற்கு அந்தப் பெயர். ‘சிவபூஜையில் கரடி நுழைந்த மாதிரி’ என்று இன்னொன்றும் சொல்வார்கள். அங்கே கரடி என்பது மிருகமே இல்லை, கரடிகை என்ற தோல்கருவி என்று விளக்கம் சொல்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். ஆக, நம் பேச்சில் கரடி அடிக்கடி வருகிறது. ஆனால் ஒருபோதும் வானத்துக்குப் போனதில்லை. இந்தச் சின்ன விஷயத்தை வைத்துத்தான் இந்தக் கட்டுரை.

சில வருஷங்களாக மேடைப் பேச்சிலும், கைப்பேசியில் சுற்றுகிற நீண்ட நீண்ட சேதிகளிலும் ஒரு கூற்று அடிபடுகிறது. வடவானத்தில் நாம் சப்தரிஷி மண்டலம் என்று சொல்கிற ஏழு மீன்களை உலகத்துப் பழைய குடிகள் எல்லாரும் கரடி என்றே கண்டார்களாம். சைபீரியாவின் சாமன் பூசாரிகளும் சீனத்துத் தாவோ துறவிகளும் கரடி வேஷங்கட்டி ஆடி, அந்த ஏழு மீனின் வழியே வானேறினார்களாம். அதே ரகசியம்தான் போகர் மூலமாகத் தமிழ்ச் சித்தர்களிடமும் இருக்கிறதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் இதை அப்படியே பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதியும் விட்டார்கள்.

நான் பட்டம் பெற்றவன் அல்ல. லாலாகுடாவில் கடை வைத்து நாற்பது வருஷத்துக்கு மேல் தராசு பிடித்தவன். கடை அடைத்த பிறகு படித்தவன். வியாபாரிக்குத் தெரிந்த ஆராய்ச்சி முறை ஒன்றுதான். சரக்கு பெரிய மூட்டையாக வந்தால், மூட்டையோடு விலை பேசக் கூடாது. பிரித்துக் கொட்டித் தரம் தரமாக நிறுக்க வேண்டும். மேற்சொன்ன கூற்றையும் அப்படியே பிரித்து நிறுத்துப் பார்ப்போம்.

கூற்றின் பலமான பக்கம்

முதலில் உண்மை இருக்கிற இடத்தை ஒப்புக்கொள்வோம். கிரேக்க மொழியில் ‘ஆர்க்டோஸ்’ என்றால் கரடி; அந்த ஏழு மீனுக்கும் அதே பெயர். வடதுருவப் பகுதியை ஆர்க்டிக் என்று இன்று உலகம் முழுவதும் சொல்வது அந்த வானத்துக் கரடியின் கீழே இருக்கிற நாடு என்பதால்தான். வடமொழியில் ‘ருக்ஷம்’ என்ற சொல்லுக்கும் இரண்டு பொருள்: கரடி ஒன்று, விண்மீன் ஒன்று. சோதிட நூல்களில் நட்சத்திரத்துக்கு ருக்ஷம் என்று சொல்வதை ஜாதகம் பார்க்கிறவர்கள் அறிவார்கள். ராமாயணத்து ஜாம்பவானை ருக்ஷராஜன் என்று சொல்வது கரடி என்ற பொருளில். சதபத பிராமணம் இன்னும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது: ஏழு ரிஷிகள் முன்காலத்தில் ருக்ஷர்கள் என்று அழைக்கப்பட்டார்கள், கிருத்திகைகள் அவர்களுடைய மனைவியர், இவர்கள் வடக்கே உதிக்க அவர்கள் கிழக்கே உதிப்பதால் சேர முடியாமல் பிரிந்து போனார்கள் என்று. அந்தக் கிருத்திகைகள் அறுவர்தான் பின்னால் முருகனுக்குப் பாலூட்டிய தாய்மார் என்று நாம் அறிந்த கதை. ஏழு ரிஷிகளில் வசிட்டரின் மனைவி அருந்ததி மட்டும் பிரியாமல் கூடவே நின்றாள் என்பதும் அதே கதைக் கட்டில் சேர்ந்தது.

கிரேக்கச் சொல்லும் வடமொழிச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று மொழியறிஞர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். மாக்ஸ் முல்லர் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு விளக்கம் சொன்னார்: ‘ஒளிர்தல்’ என்ற பொருளுள்ள வேர் முதலில் விண்மீனைக் குறித்தது, சொல்லின் ஒலி ஒற்றுமையால் கரடி உள்ளே புகுந்தது என்று. பின்னால் ஹிட்டைட் மொழியிலும் அதே இனத்துச் சொல் கிடைத்தது. இப்போது அறிஞர்கள் பலர் கரடி என்ற பொருளே மிகப் பழையது என்று கருதுகிறார்கள். எது முந்தியது என்பது இருக்கட்டும். வடமொழிக்காரர்களே காலப்போக்கில் கரடியை மறந்து, ருக்ஷத்துக்கு ஒலியால் பக்கத்தில் இருக்கிற ரிஷியை அங்கே உட்கார வைத்துவிட்டார்கள். வானத்துப் படம் மாறக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

வட அமெரிக்காவிலும் கரடி உண்டு. மிக்மாக், இரோகுவாய் முதலிய பூர்வகுடிகள் கிண்ணம் போல் இருக்கிற நான்கு மீனைக் கரடி என்றும், பின்னால் வருகிற மீன்களை வேட்டைக்காரர்கள் என்றும் சொன்னார்கள். இலையுதிர் காலத்தில் மரங்கள் சிவப்பது அடிபட்ட கரடியின் ரத்தம் என்று அவர்கள் கதை. இதே வேட்டைக் கதை சைபீரியாவிலும் வட அமெரிக்காவிலும் பரவியிருப்பதை ரஷ்ய ஆய்வாளர் யூரி பெரியோஸ்கின் தொகுத்துக் காட்டியிருக்கிறார். கடலால் பிரிவதற்கு முன், பனியுகக் காலத்தில் நிலவழியாகப் போன மக்களோடு அந்தக் கதையும் போயிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இவ்வளவும் கனமான சரக்குதான். தள்ளிவிட முடியாது.

‘எல்லாரும்’ என்ற சொல்

தராசு தாழ்வது ‘எல்லாரும்’ என்ற சொல்லில். பாபிலோனியர் அந்த ஏழு மீனை வண்டி என்றார்கள். கிரேக்கர்களிலும் கரடிக்கு வண்டி என்று மறுபெயர் உண்டு. ஹோமர் காப்பியத்தில் இரண்டும் வருகிறது. எகிப்தியருக்கு அது காளையின் முன்னங்கால். அராபியருக்குப் பிணப்பாடை, அதன் பின்னே நடந்து போகிற பெண்மக்கள். ஆங்கிலேயருக்குக் கலப்பை.

சைபீரியா என்றாலே கரடி என்று பேசுகிறார்களே, அங்கேயே பாருங்கள். எவெங்கி மக்கள் கதையில் அந்த ஏழு மீன் காட்டுமான். அதைத் துரத்திப் போகிற வேட்டைக்காரன் மங்கிதான் கரடி! காந்தி, மான்சி என்ற ஓப் நதிக்கரை மக்கள் கரடிக்குப் பெரிய விழா எடுப்பவர்கள். கரடி வானத்துக் கடவுளின் பிள்ளை, பூமிக்கு இறக்கிவிடப்பட்டது என்று நம்புகிறவர்கள். அவர்களுக்கும் ஏழு மீன் என்பது வேட்டையாடப்படுகிற காட்டுமான்தான். பின்லாந்துப் பழம்பாட்டில் கரடி அந்த ஏழு மீனின் தோளருகே பிறந்ததாக வருகிறது. அங்கே பிறந்தது என்பது வேறு, அதுவே கரடி என்பது வேறு அல்லவா? கரடி வழிபாடும் ஏழு மீன் வழிபாடும் ஒரே ஊரில் இருக்கலாம். ஒரே ஊரில் இருக்கிற இரண்டு பேர் உறவுக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சீனத்தில் என்ன இருக்கிறது?

சீனத்தில் அந்த ஏழு மீனுக்குப் பெயர் பெய்தோ, அதாவது வடக்கு அகப்பை. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டி எழுதிய வரலாற்றாசிரியர் சீமா சியான் அதை வானப் பேரரசரின் தேர் என்கிறார். நடுவில் நின்று நான்கு திசையையும் ஆள்வது. அந்த அகப்பையின் காம்பு மாலையில் எந்தத் திசையைக் காட்டுகிறது என்று பார்த்துப் பருவத்தைச் சொன்னார்கள். கிழக்கே காட்டினால் வசந்தம் வந்தாச்சு. எங்கும் கரடி இல்லை.

சரி, கரடி எங்கே வருகிறது? யூ என்ற பழைய அரசர் கதையில் வருகிறது. பெருவெள்ளத்தை வடித்துச் சீனத்தைக் காத்தவர் என்று அவரைப் போற்றுவார்கள். மலையைக் குடைய வேண்டி அவர் கரடியாக மாறினாராம். முரசு சத்தம் கேட்டால் சாப்பாடு கொண்டு வா என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். காலில் இடறிய கல் தெறித்து முரசில் பட்டுவிட்டது. மனைவி சாப்பாட்டோடு வந்து, கணவரைக் கரடியாகப் பார்த்து, பயந்து ஓடிக் கல்லாகிவிட்டாள். அந்தக் கல் பிளந்து பிள்ளை பிறந்தது என்று கதை. இந்த யூ ஓயாது உழைத்து உழைத்து ஒரு காலை இழுத்து நடந்தார் என்றும், அந்த நடையே ‘யூ நடை’ என்று மந்திரச் சடங்கில் வந்தது என்றும் சொல்வார்கள். கி.மு. 168-இல் மூடப்பட்ட மாவாங்துவெய் கல்லறையில் கிடைத்த வைத்திய ஏடுகளில் இந்த நடை வருகிறது. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற தாவோ ஆசிரியர் எப்படி அடி வைக்க வேண்டும் என்றே எழுதி வைத்தார். பிற்காலத்துத் தாவோ பூசாரிகள் தரையில் ஏழு மீனைப் போட்டு, அதன் மேல் இந்த நடையில் நடந்து சடங்கு செய்தார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கரடிக்கும் யூவுக்கும் கதையில் உறவு உண்டு. யூவுக்கும் அந்த நடைக்கும் பெயரிலேயே உறவு உண்டு. நடைக்கும் ஏழு மீனுக்கும் சடங்கில் உறவு உண்டு. மூன்று கண்ணியும் தனித்தனியே உறுதி. ஆனால் மூன்றையும் கோத்து, ‘ஆகவே தாவோ துறவிகள் ஏழு மீனைக் கரடியாகக் கண்டார்கள்’ என்று சொல்வது நாமாகப் போடுகிற முடிச்சு. கால் தாங்கி நடப்பதற்கு அந்த மரபே சொல்கிற காரணம் உழைப்பினால் வந்த ஊனம். கரடி ஆட்டம் என்பது மார்செல் கிரானே போன்ற 20-ஆம் நூற்றாண்டு அறிஞர்களின் அனுமானத்தை ஒட்டி வளர்ந்தது. அனுமானம் செய்வதில் குற்றமில்லை. அனுமானத்தைப் பற்று வரவில் ரொக்கம் என்று எழுதுவதுதான் குற்றம்.

இன்னொரு வேடிக்கை. சீனத்தில் அந்த ஏழு மீனுக்கு மிருக உருவம் கொடுத்த கதை ஒன்று உண்டு; அதில் அவை பன்றிகள். யீசிங் என்பவர் 683 முதல் 727 வரை வாழ்ந்த புத்தத் துறவி, பெரிய வானியல் அறிஞர். தனக்கு உதவிய கிழவியின் மகனைத் தண்டனையிலிருந்து காப்பாற்ற, ஏழு பன்றிகளைப் பிடித்துச் சாடியில் அடைத்தாராம். அன்றிரவு வானில் ஏழு மீனைக் காணோம். அரசர் கலங்கிப் போய்க் கேட்க, நாடு முழுதும் கைதிகளுக்கு மன்னிப்பு கொடுங்கள் என்றார். கொடுத்தார். நாளுக்கு ஒன்றாக ஏழு நாளில் ஏழு மீனும் திரும்பி வந்தன. ஒரு உயிரைக் காப்பாற்ற வானத்தையே மறைத்த இந்தக் கதை, அகிம்சையைப் பெரிதாக நினைக்கிற என் போன்றவனுக்கு எந்தக் கரடிக் கதையையும் விட இனிக்கிறது. ஏழு மீனின் தாயாகத் தாவோ மரபு கும்பிடுகிற தோவ்மூ என்ற தெய்வத்தின் உருவத்தில் நம் நாட்டிலிருந்து புத்த மதத்தோடு போன மாரீசியின் சாயல் கலந்திருக்கிறது. மாரீசியின் தேரை இழுப்பதும் பன்றிகள்.

மலேசியாவில் சொந்தக்காரர்கள் இருக்கிற வாசகர்கள் இந்தத் தெய்வத்தை நேரிலேயே பார்த்திருக்கலாம். பினாங்கிலும் அம்பாங்கிலும் சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டி, ஒன்பது பேரரசர் திருவிழா நடக்கிறது. மஞ்சள் கொடி கட்டி, ஒன்பது நாளும் சைவ உணவு உண்டு, ஏழு மீனோடு கண்ணுக்குத் தெரியாத இரண்டையும் சேர்த்து ஒன்பதாகக் கும்பிடுகிறார்கள். அங்கேயும் கரடி இல்லை.

போகர் விஷயம்? அவர் சீனம் போனார், அல்லது சீனத்திலிருந்து வந்தார் என்பது நம் நெடுநாள் நம்பிக்கை. நம்பிக்கையை நான் தொடவில்லை. ஆனால் அவர் பெயரில் வழங்கும் பாடல்களின் மொழி பிற்காலத்துத் தமிழ் என்று அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். தமிழனுக்கும் சீனத்துக்கும் தொடர்பு இருந்ததற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு: சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, சிவன் கோயில் எழுப்பியதற்கு. அது வணிகத்தால் வந்த உறவு. அந்த உறவைச் சொல்லிப் பெருமைப்படலாமே! அதை விட்டுவிட்டுக் கரடியை ஏன் கட்டி இழுக்க வேண்டும்?

நம் கரடி

நம் கரடிக்குச் சங்க நூல்கள் வைத்த பெயர் எண்கு. அகநானூற்றிலும் நற்றிணையிலும் அது இரவில் கறையான் புற்றைக் கிண்டி உள்ளே இருக்கிற புற்றாஞ்சோற்றைத் தின்கிறது. உதிர்ந்த இலுப்பைப் பூவைப் பொறுக்கித் தின்கிறது. காதலியைப் பார்க்க இருட்டில் வருகிற தலைவனுக்கு வழியில் அதனால் ஆபத்து என்று தோழி கவலைப்படுகிறாள். கம்பரும் ஜாம்பவானை எண்கின் அரசன் என்றே சொல்கிறார். எங்கள் சமண மரபில் பதினான்காம் தீர்த்தங்கரர் அனந்தநாதருக்குத் திகம்பரப் பட்டியல்கள் சிலவற்றில் கரடி இலாஞ்சனம், சிலவற்றில் முள்ளம்பன்றி, சுவேதாம்பரருக்குப் பருந்து. அது படிமத்தை அடையாளம் காணும் குறி. விண்மீன்களைப் பற்றித் தத்துவார்த்த சூத்திரம் பேசும்போது சூரியர், சந்திரர், கோள்கள், நட்சத்திரங்கள், சிதறிய தாரகைகள் என்று வகை பிரிக்கிறது. அங்கேயும் கரடிக்கு இடம் இல்லை.

ஏன் நம் கரடி வானேறவில்லை? காரணம் மண்ணில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. வடதேசத்துக் கரடி பனிக்காலம் முழுதும் குகைக்குள் உறங்குகிறது. செத்தது போலக் கிடந்து வசந்தத்தில் குட்டியோடு வெளியே வருகிறது. அதைப் பார்த்தவனுக்கு மரணம், மறுபிறப்பு என்ற எண்ணம் வராமல் எப்படி இருக்கும்? அதோடு அந்த வட்டாரங்களில் ஏழு மீன் வருஷம் முழுதும் மறைவதே இல்லை. இலையுதிர் கால மாலையில் அடிவானத்தை ஒட்டித் தாழ்கிறது, வசந்தத்தில் உச்சிக்கு ஏறுகிறது. கீழே கரடி குகைக்குள் போகிற காலத்தில் மேலே மீனும் தாழ்கிறது. இரண்டும் ஒரே தாளத்தில் நடக்கின்றன. கதை தானாகப் பிறந்துவிடும்.

நம் கரடிக்குப் பனிக்கால உறக்கம் கிடையாது. பன்னிரண்டு மாசமும் புற்றைத் தேடி அலைகிறது, குட்டியை முதுகில் சுமந்துகொண்டு. நம் வானமும் வேறு. ஐதராபாத்தில் துருவ மீன் அடிவானத்திலிருந்து சுமார் 17 பாகைதான் உயரம். ஐப்பசி மாலையில் நம் மாடியில் நின்று பார்த்தால் ஏழு மீன் கண்ணுக்கே படாது; சித்திரை, வைகாசியில்தான் மாலையில் வடக்கே நன்றாக நிற்கும். இந்தக் கரடியையும் அந்த மீனையும் சேர்க்க இங்கே ஒரு முகாந்திரமும் இல்லை.

நம் ஊரில் கரடி சின்னமானது வேறு வழியில். கரடி வித்தைக்காரர் தெருவுக்கு வருவார். பயந்த பிள்ளையைக் கரடி முதுகில் உட்கார வைத்தால் பயம் தெளியும் என்று தாய்மார் காசு கொடுப்பார்கள். கரடி முடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டுவார்கள். எங்கள் லாலாகுடாவிலும், ரயில் பணிமனைச் சங்கு ஊதுகிற நேரத்துக்கு அந்த உடுக்கைச் சத்தம் கேட்கும். நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். குட்டியிலேயே பிடித்து, மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்த மிருகம் அது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்தும் பல காலம் ஓயாத அந்தத் தொழில், கலந்தர் குடும்பங்களுக்கு மாற்றுப் பிழைப்பு காட்டிய பிறகு, 2009 வாக்கில்தான் பெரும்பாலும் நின்றது. வானத்துக் கரடியை வியந்து பேசுகிற நாம், தரையில் இருந்த கரடியை எப்படி நடத்தினோம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நம் எழுமீன்

கரடி இல்லையென்றால் நமக்கு என்ன இருந்தது? நற்றிணை 231-ஆம் பாட்டைப் பாருங்கள். பாடியவர் இளநாகனார். தெளிந்த நீல வானில் மக்கள் கைகூப்பித் தொழுகிற எழுமீனைச் சொல்லி, கரிய கடற்பரப்பில் குளித்து ஆடுகிற சிறு வெண்காக்கைக் கூட்டத்துக்கு அதை உவமையாக வைக்கிறார். நெய்தல் நிலத்தில் நின்று பார்த்த கண்ணுக்குக் கடலே வானம், பறவையே மீன். நான் படித்த வரையில் உலகத்தார் ஏழு மீனுக்குச் சொன்ன உவமைகளில் இவ்வளவு லேசானது, ரத்தமில்லாதது வேறில்லை. யாரும் யாரையும் துரத்தவில்லை. பறவைகள் குளிக்கின்றன, அவ்வளவுதான். பெயரையும் கவனியுங்கள். எழுமீன் என்பது எண்ணிக்கை. கார்த்திகைக்கு அறுமீன் என்பது போல. எண்ணினார்கள், தொழுதார்கள், உருவம் ஒன்றை ஒட்டி வைக்கவில்லை.

அந்த ஏழுக்குள் அருந்ததியையும் தமிழர் நன்றாக அறிந்திருந்தார்கள். வடமீன் என்று பெயர். புறநானூறு 122-இல் கபிலர் மலையமான் திருமுடிக்காரியின் மனைவியின் கற்புக்கு வடமீனை உவமை சொல்கிறார். சிலப்பதிகாரத்தில் கண்ணகி மணம் உரோகிணியைத் திங்கள் சேர்ந்த நாளில் நடக்கிறது. அவளைச் சாலி என்னும் அந்த மீனோடு ஒப்பிடுகிறார் இளங்கோவடிகள். வசிட்டர், அருந்ததி என்ற கதை வடக்கிலிருந்து வந்து நம் வடமீனோடு கலந்துவிட்டது. கலந்ததை ஒளிக்க வேண்டியதில்லை.

இங்கேயும் கரடி விடுகிறவர்கள் உண்டு. ‘வசிட்டரும் அருந்ததியும் ஒருவரையொருவர் சுற்றுகின்றன, இதை வெறும் கண்ணால் கண்டறிந்து திருமணத்தில் வைத்தான் தமிழன்’ என்று ஒரு சேதி வருஷா வருஷம் கல்யாண மாசத்தில் சுற்றுகிறது. அந்த இரண்டு மீனும் ஈர்ப்பால் கட்டுண்டவையாக இருக்கலாம் என்று வானியலார் 2009-க்குப் பிறகு வலுவாகச் சொல்கிறார்கள்தான். ஆனால் ஒரு சுற்றுக்குப் பல லட்சம் வருஷம் ஆகும். எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. நம் முன்னோர் பார்த்தது அதைவிட எளிமையானது: பெரிய மீனின் பக்கத்தில் ஒரு சின்ன மீன், விலகாமல் நிற்கிறது. புதுமணத் தம்பதிக்குக் காட்ட அது போதாதா? இன்று பகல் பத்து மணிக்கு மண்டபத்துக் கூரையைக் காட்டி ‘அருந்ததி பார்த்தாச்சா?’ என்று கேட்கிறோம். கூரையைப் பார்த்தவனுக்குத்தான் கட்டுக்கதை தேவைப்படுகிறது.

கிருஷ்ணைக் கரைக் கல்

கடைசியாக நம் அருகிலேயே இருக்கிற சாட்சி. தெலங்கானாவின் நாராயணபேட்டை மாவட்டத்தில், கிருஷ்ணை ஆற்றங்கரையில் முடுமால் என்ற ஊர். அங்கே ஆள் உயரத்தை விட இரண்டு மடங்கு உயரமுள்ள குத்துக்கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பெருங்கற்காலத்தவை. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.பி. ராவ் பல வருஷம் ஆராய்ந்து, அந்த வரிசைகள் சூரியன் உதிக்கும், மறையும் திசைகளோடு பொருந்துவதைக் காட்டினார். அங்கே ஒரு பாறையில் குடைந்த கிண்ணக் குழிகளில் சப்தரிஷி மண்டலத்தின் அமைப்பையும் அடையாளம் கண்டார். 2025 மார்ச்சில் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் முடுமால் சேர்ந்தது.

அந்தக் குழிகளை நம் கேள்வியோடு பாருங்கள். கரடியின் கோடு இல்லை. அகப்பையும் இல்லை, தாடி வைத்த ரிஷியும் இல்லை. வெறும் புள்ளிகள். பெருங்கற்காலத்து மனுஷன் கண்டதைக் கண்டபடியே கல்லில் வைத்திருக்கிறான். அவன் என்ன மொழி பேசினான் என்று அந்தக் கல் சொல்லாது. ‘இது தமிழன் வரைந்த முதல் வானப்படம்’ என்று நம்மவர் சிலர் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். அப்படிச் சொல்ல அந்தக் கல்லில் ஒரு எழுத்துகூட இல்லை. அதைக் காத்து வந்தவர்கள் அந்த ஊர்த் தெலுங்கு மக்கள். நிலுராள்ள திம்மப்பா என்று குத்துக்கல்லைக் கும்பிட்டு, ஒரு கல்லை எல்லம்மாவாக வணங்கி, உடைக்காமல் விட்டுவைத்தவர்கள் அவர்கள். நன்றி அவர்களுக்குத்தான் சேரும்.

ஆனாலும் ஒரு ஒற்றுமையை நான் சொல்லாமல் விடமாட்டேன். தக்காணத்துக் கல்லில் இருப்பதும் புள்ளிகள்தான், நற்றிணையில் இருப்பதும் எண்ணிக்கைதான். இரண்டுக்கும் நேர்த் தொடர்பு என்று நான் வாதாடவில்லை. உருவம் கற்பிக்காமலும் வானத்தை நேசிக்கலாம் என்பதற்கு இரண்டும் சாட்சி என்று மட்டும் சொல்கிறேன்.

முடிவாக

உலகம் முழுதும் ஒரே கரடி என்று சொன்னால் ஒற்றுமை வளர்ந்த மாதிரி தோன்றும். உண்மையில் எவெங்கியின் மானும், அராபியரின் பாடையும், சீனரின் அகப்பையும், நம் வெண்காக்கையும் அதில் அழிந்து போகின்றன. எல்லாருக்கும் ஒரே முத்திரை குத்துவது ஒற்றுமை ஆகாது. அவரவர் தன் மண்ணில் நின்று, தன் மிருகத்தையும் பறவையையும் வண்டியையும் அதே ஏழு புள்ளியில் கண்டார்கள் என்பதே ஆச்சரியம்.

வெளி மாநிலத்தில் வாழ்கிற நமக்கு இதில் ஒரு சொந்த லாபமும் இருக்கிறது. நம் பிள்ளைகள் இங்கே பள்ளியில் கரடிக்கு ‘எலுகுபண்டி’ என்று சொல்கிறார்கள். வீட்டில் அதைத் திருத்தி ‘கரடின்னு சொல்லுடா’ என்கிறோம். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைத் திறந்தால், தெலுங்கின் எலுகும் சங்கத்தமிழின் எண்கும் ஒரே இனத்துச் சொற்களாகச் சேர்ந்து நிற்கின்றன. தமிழ்நாட்டுத் தெருவில் எண்கு என்ற சொல் வழக்கொழிந்து போச்சு. நம் பேரப்பிள்ளைகள் வாயில் அதன் உடன்பிறப்பு தினமும் உயிரோடு இருக்கிறது. சைபீரியா வரை போகாமல், லாலாகுடா பள்ளி வாசலிலேயே கிடைக்கிற உறவு இது. அகராதி சாட்சியோடு கிடைக்கிறது.

ஆகையால் வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற சித்திரை, வைகாசியில் ஒரு நாள் சாப்பாடு முடிந்த பிறகு பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப் போங்கள். வடக்கே காட்டுங்கள். நகர வெளிச்சத்தில் முதலில் ஆறுதான் தெரியும். நடுவில் அத்திரி மங்கல், கொஞ்சம் பொறுத்தால் ஏழாவதாக அவரும் வருவார். வாலில் கடைசிக்கு முந்தின மீன் வசிட்டர். அதன் பக்கத்தில் அருந்ததி தெரிகிறாளா என்று கேளுங்கள். நம்மை விட அவர்கள் கண்ணுக்குத்தான் நன்றாகத் தெரியும். பிறகு, ‘இது உனக்கு என்ன மாதிரி இருக்கு?’ என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்கிற வரை நாம் வாயைத் திறக்காமல் இருப்போம்.